செவலையின் முன்னங்கால்

பந்தயக் குதிரைகளின் லாயத்தில் அவருக்கு வேலை. தீனி வைப்பது, தேய்ப்பது, குளிப்பாட்டுவது, சாணி அள்ளுவது. மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார் என்பதால், கூட வேலை செய்பவர்கள் கிண்டலாக வைத்த பெயர் வாயாடி. குதிரையிடம் மட்டும் மூச்சு விடாமல் பேசுவார். அதில் கால்வாசி வீட்டில் பேசினால் புண்ணியமாய்ப் போகும் என்பாள் மனைவி.

அவள் தம்பி தையல்காரன். மெஷினில் உட்கார்ந்த நேரத்தைவிட ரேஸ் மைதானத்தில் நின்ற நேரம்தான் அதிகம். சந்தேகம் வந்தால் நேரே லாயத்துக்கு வந்துவிடுவான்.

"வின்னுக்கும் பிளேஸுக்கும் என்னதான் மாமா வித்தியாசம்?"

"வின்னுன்னா உன் குதிரை முதல்ல வரணும். பிளேஸுன்னா முதல் மூணுல ஒண்ணா வந்தா போதும். ஆனா காசு கம்மி."

"ஃபேவரைட்டு?"

"ஊரே எது மேல கட்டுதோ, அது. அது ஜெயிச்சா பெருசா ஒண்ணும் தேறாது. யாரும் சீண்டாத குதிரை ஜெயிச்சாத்தான் கொட்டும்."

"இவ்வளவு தெரிஞ்சவரு நீங்க ஏன் கட்டறதில்ல?"

"போடா, போய் வேலையப் பாரு."

அவர் பொறுப்பிலிருந்த பெண்குதிரை செவலை. வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்தது. ஜெயித்ததற்குப் பரிசு என்ன தெரியுமா? சுமை! ஹேண்டிகேப் என்று அதற்கு ஒரு பெயர். நன்றாக ஓடுகிற குதிரையின் சேணத்தில் ஈயத் தகடு செருகி எடையைக் கூட்டுவார்கள். மற்ற குதிரைகளுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டுமாம். நன்றாக வேலை செய்கிறவன் தலையிலேயே எல்லா வேலையையும் கட்டுகிற அதே நியாயம்தான். ஒவ்வொரு முறை தகடு கூடும்போதும் வாயாடிக்கு வயிறு எரியும்.

அன்று பந்தய நாள். விடிந்ததும் வழக்கம்போலப் புறங்கையால் செவலையின் கால்களைத் தடவினார். இடது முன்னங்காலில், முட்டிக்குக் கீழே சூடு. உள்ளே எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். இந்தக் காலோடு, இவ்வளவு சுமையோடு ஓடினால் எலும்பு தாங்காது. பந்தயக் குதிரைக்குக் கால் ஒடிந்தால் கதை முடிந்தது, ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளைச் சோதிக்கிற டாக்டர் வந்து அந்தச் சூட்டைத் தொட்டுப் பார்த்தால் போதும், பந்தயத்திலிருந்து விலக்கிவிடுவார். செவலை பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் அது வலியில் காலை மாற்றி மாற்றி வைத்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. டாக்டர் வர நேரமிருக்கிறதே என்று குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீரை அந்தக் காலில் பீய்ச்சினார். சூடு கண்ட காலுக்கு லாயத்தில் முதல் வைத்தியம் அதுதான்.

டாக்டர் அன்றைக்கென்று சீக்கிரமே வந்து தொலைத்தார். தொட்டார். கால் சில்லென்றிருந்தது. நடத்திப் பார்த்தார். செவலை ஜம்மென்று நடந்தது.

"காலைல சுட்டுச்சு சார். நான்தான் தண்ணி அடிச்சுட்டேன்."

பக்கத்தில் நின்ற செவலையின் பயிற்சியாளர் முந்திக்கொண்டார். "பெத்த பொண்ணாட்டம் வளர்க்கறான் சார். தும்மினாக்கூட இவனுக்குப் பயம்."

டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த குதிரைக்குப் போய்விட்டார். பயிற்சியாளர் திரும்பி, "இன்னொரு வார்த்த பேசினே, நாளையிலேர்ந்து இந்தப் பக்கமே வராதே" என்றார். வாயாடி வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் அடித்ததைக்கூட மன்னித்துவிடலாம். இதை எப்படி மன்னிப்பது?

கடைசித் திருப்பத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்த செவலை, திடீரென்று முன்பக்கமாக மடிந்து விழுந்தது. கூட்டம் "ஐயோ!" என்றது, அடுத்த நொடியே ஜெயித்த குதிரைக்குக் கை தட்டியது. ஆட்கள் ஓடிவந்து பச்சைத் துணியைச் சுற்றிலும் பிடித்தார்கள்.

"நீ தலையப் புடிச்சுக்கப்பா," என்றார் டாக்டர், ஊசியோடு. "நீ புடிச்சா அசையாது."

பிடித்துக்கொண்டார். அது அசையவே இல்லை.

சாயங்காலம் மச்சினன் செவலை இல்லாத கொட்டடியின் முன்னால் வந்து நின்றான். மொத்தத்தையும் செவலை மேல் கட்டியிருந்தான்.

"முன்னாடியே விலக்கியிருந்தா காசு திரும்பி வந்திருக்குமில்ல மாமா?"

"வந்திருக்கும்."

"இப்ப?"

"ஸ்டார்ட்டிங் கேட்டைத் தாண்டிட்டா ஓடினதாத்தான் அர்த்தம். வராது."

அவன் அவர் முகத்தையே பார்த்தான். "கால் சரியில்லன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அடப்பாவி மனுஷா! வாயத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன்டா," என்றார். உதடு கோணியது. "ஒரே ஒரு தடவ சொன்னேன்."