ஆணியில் தொங்கும் டயர்

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே ஓர் ஆணியில், பழைய சைக்கிள் டயர் ஒன்று தொங்குகிறது. தரையைப் பிடிக்கும் பட்டன் எல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்றாகிப் போன டயர். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், நாகரிகம் கருதி ஒன்றும் கேட்காமல் காபியைக் குடிப்பார்கள். "சாமி படம் மாட்டற எடங்க அது" என்று சொல்லிச் சொல்லி என் மனைவியும் ஓய்ந்துவிட்டாள். அந்த டயரை முதன்முதலில் ஆணியில் மாட்டியவர் என் சித்தப்பா. அன்றைக்கு நான் அவரைக் கொன்றுவிடலாம்போலக் கோபமாக இருந்தேன்.

தொப்பூர்க் கணவாய் ரோட்டோரம் அவர் பஞ்சர் கடை வைத்திருந்தார். அப்பா லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே எனக்கு அடி கொடுப்பது, தின்பண்டம் வாங்கிக் கொடுப்பது இரண்டும் சித்தப்பாவின் பொறுப்பு. டயரும் அவர் கொடுத்ததுதான். குச்சியால் தட்டி உருட்டிக்கொண்டு ஓடுவேன். ஊரில் என் டயருக்கு முன்னால் எவன் டயரும் போனதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில் எனக்கு மணல்வாரி அம்மை வந்தது. வேப்பிலைப் படுக்கை, இளநீர், மோர்க்கஞ்சி. ஆத்தா வந்திருக்கும்போது வீட்டில் மருந்து வாசனையே ஆகாது. முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மூன்றாம் தண்ணீரும் ஊற்றிவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று எங்கள் பக்கம் கணக்கு. அதற்கு மேல் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். எனக்கும் ஊற்றினார்கள். அன்று சாயங்காலமே டயரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சித்தப்பா கடைவரைகூடப் போய்ச் சேர முடியவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். டயர் மட்டும் தனியாகப் போய் அவர் கடை வாசலில் விழுந்தது.

"அம்மை கண்ட ஒடம்பு தம்பி, சத்து இல்ல. கஞ்சி குடிச்சா தேறிடுவான்" என்று சித்தப்பாவிடம் சொன்னாள் அம்மா. ஊரும் அதைத்தான் சொன்னது. ஆனால் படுத்தால் மூச்சு முட்டியது. பாதம் வீங்கியது. அழுத்தினால் சித்தப்பாவின் கட்டைவிரல் பதிந்த குழி அப்படியே நின்றது. அவர் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, தருமபுரி போகும் லாரி ஒன்றை மறித்து என்னை ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அம்மை போயிடுச்சுங்க. ஆனா போறப்ப இதயத்தைத் தொட்டுட்டுப் போயிருக்கு. வீங்கியிருக்கு. நான் சொல்ற வரைக்கும் ஓடக் கூடாது, மேடு ஏறக் கூடாது. நல்லாயிட்ட பின்னாலயும் வருசா வருசம் கூட்டிட்டு வந்து காட்டணும்." நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றுதான் டயர் சித்தப்பா கடை ஆணிக்குப் போனது. "டாக்டரம்மா சொல்லாம இது எறங்காது" என்றார் சித்தப்பா. நான் மண்ணில் புரண்டு அழுதேன். அவர் அசையவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஆடி மாதத்தில் வந்தது. நான் பிழைத்தால் ஈரத்துணியோடு வேப்பிலை கட்டி, மேளத்துக்கு முன்னால் ஓடி மாரியம்மன் கோயிலை மூன்று சுற்று நான் சுற்றி வருவதாக அம்மா வேண்டியிருந்தாள். அவளைப் பட்டிக்காடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு முன்னால் பிறந்த அக்காவை அவள் அம்மையில்தான் பறிகொடுத்திருந்தாள். "டாக்டரு சொல்றதும் சரிதான் தம்பி. ஆத்தாகிட்டக் குடுத்த வாக்கு என்னாவறது? இவனயும் குடுத்துட்டு நான் எங்க போவேன்?" என்று கேட்டாள். ஓடினால் நெஞ்சு, ஓடாவிட்டால் ஆத்தா. இரண்டு பக்கமும் அவளுக்கு நான்தான் போய்க்கொண்டிருந்தேன்.

திருவிழா அன்று ஏரியில் முங்கி எழுந்து வந்து, மீசை முறுக்கிய என் முரட்டுச் சித்தப்பா தன் இடுப்பில் வேப்பிலையைக் கட்டிக்கொண்டார். எனக்கும் கட்டினார். என்னைத் தூக்கித் தோளில் வைத்தார். பூசாரி தயங்கினார்.

"பையன் கோயிலச் சுத்தறானா இல்லியா? யாரு காலு ஓடுதுன்னு ஆத்தா கேக்கவா போறா?" என்றார் சித்தப்பா. பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டு மேளக்காரருக்குக் கண் காட்டினார்.

ஓடினார். பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். மூன்றாம் சுற்றில் அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது என் குதிகாலில் தெரிந்தது.

மறு வருடம் ஆடி கழிந்த பிறகுதான் டாக்டரம்மா ஓடலாம் என்றார். டயர் இறங்கியது. நான் ஓட, சித்தப்பா என் முதுகில் கை வைத்தபடி கூடவே ஓடி வந்தார். "மூச்சு வாங்குச்சுன்னா சொல்லிடு, மறைக்காத" என்றார். அவருக்குத்தான் வாங்கியது. ஓடி முடித்ததும் டயரைப் பிடுங்கி மறுபடி மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு அதுவே வழக்கமானது. வருடம் ஒருமுறை ஆஸ்பத்திரி, டாக்டர் சரி என்றால் டயர். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே, எதுக்கு?" என்று ஒருமுறை மல்லுக்கு நின்றேன். "பஞ்சர் ஒட்டுன அன்னிக்கு எல்லா ட்யூபும் நல்லாத்தான் நிக்கும். லோடு ஏத்திட்டுப் போயி வந்தப்புறந்தான் சங்கதி தெரியும்" என்றார். மீசை முளைத்துக் கல்லூரிக்குப் போன பிறகும், லாரிக்காரர்கள் விசிலடிக்க ரோட்டோரம் டயர் உருட்டியவன் நானாகத்தான் இருப்பேன்.

போன வருடம் அவர் போய்விட்டார். ரோட்டை அகலப்படுத்தியபோதே கடையும் புளியமரமும் போய்விட்டன. காரியம் முடிந்து அவர் மகன் டயரைக் கொண்டு வந்து கொடுத்தான். "இது உங்களுதுன்னு அப்பா சொன்னாருங்கண்ணா." அவர் பெருவிரல் பட்ட இடத்தில் இன்னும் கிரீஸ் கறை இருந்தது. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் தலை நிமிராமல், "யாரு சார் அனுப்புனாங்க?" என்று கேட்டாள். "எங்க சித்தப்பாங்க." "எந்த ஆஸ்பத்திரி டாக்டருங்க சார்?" "தொப்பூர்" என்றேன். எழுதிக்கொண்டாள்.

எல்லாம் நன்றாக இருக்கிறது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து நாற்காலி போட்டு ஏறி டயரை இறக்கினேன். "என்னங்க, தெருவே பாக்குது" என்று மனைவி பதறினாள். பார்க்கட்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐம்பது தாண்டிய ஆள், தெருக்கோடிவரை உருட்டிக்கொண்டு ஓடினேன். முதுகில் கை இல்லாமல் ஓடுவது என்னவோபோல் இருந்தது. கோடியில் நின்று மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தேன். வாங்கவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.