முன்னுரை வாசித்த முழுப் பாட்டு

அவர் பல்செட் செய்கிறவர். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு தன் கைவேலை என்று சொல்லிக்கொள்வார், கொஞ்சம் மிகைதான். நாற்பத்தொன்பதாம் வயதில் ஆசைப்பட்டு ஒரு கிட்டார் வாங்கினார். இப்போது அறுபது. இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு பாட்டைக்கூட அவர் முழுதாக வாசித்ததில்லை. எதை எடுத்தாலும் முதல் அரை நிமிடம் வரும். அதற்குள் வேறு ஏதாவது காதில் விழும், மனசு அங்கே தாவிவிடும். அவர் வேலை செய்யும் பல் லேபின் முதலாளி அவருக்கு 'முன்னுரை' என்று பெயர் வைத்தார். அது தெரு வரைக்கும் ஒட்டிக்கொண்டது. மறுத்துப் பேச அவருக்கும் முகமில்லை.

முதலில் மேற்கத்திய கிளாசிக்கல் பாணி. முதுகை நிமிர்த்தி, இடது காலை ஒரு குட்டி முக்காலியில் வைத்து உட்கார வேண்டும். இரண்டே மாதத்தில் முதுகுவலி வந்தது, இசை வரவில்லை. ப்ளூஸ் பக்கம் போனார். கம்பியை வளைத்து இழுக்கும்போது உள்ளே கிடக்கிற துக்கமெல்லாம் வெளியே வர வேண்டும் என்றது பாடப்புத்தகம். முன்னுரை உள்ளே தேடிப் பார்த்தார். நிலையான வேலை, சண்டை போடாத மனைவி, சர்க்கரைகூட இல்லாத உடம்பு. துக்கத்துக்கு எங்கே போவது? ஸ்பெயின்காரர்களின் ஃபிளமெங்கோவில் கிட்டாரின் வயிற்றில் விரலால் தட்ட வேண்டும். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை எழுந்துபோய்த் தன் வீட்டுக் கதவைத் திறந்து பார்த்தார். மூன்றாவது தடவை நேராக மேலே ஏறி வந்துவிட்டார். பிரேசில் பாணியான போசா நோவாவில் கட்டைவிரல் நேரம் தவறாமல் நடக்கும், மற்ற விரல்கள் வேண்டுமென்றே பிந்தி வரும். இவருக்கு எல்லா விரலும் பிந்தி வந்தன.

காது மட்டும் தேறிவிட்டது. ஏதாவது கடை வாசலில் கிட்டார் ஒலித்தால் நின்றுவிடுவார். நகத்தால் மீட்டுகிறார்களா, விரல் சதையாலா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். "சாப்பிடத் தெரியுது, சமைக்கத்தான் வரல" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார், வேறு யாரும் சொல்வதற்குள்.

மனைவிக்கு அஞ்சலகத்தில் வேலை. ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது, துணி மடித்துக்கொண்டே சொன்னார்:

"ரிட்டயர்மென்ட் விழால எல்லாரும் பேசுவாங்க. எனக்குப் பேச்சு வேணாம். நீங்க வாசிங்க. அந்த ஞாயித்துக்கிழமை காலைல வாசிப்பீங்களே, அந்தப் பாட்டு."

முப்பத்தோரு வருடத்தில் மனைவி வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். இதிலும் கோட்டை விட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அந்த வீட்டில் உட்காருவது? முன்னுரைக்கு நிஜமாகவே பயம் வந்தது. அந்தப் பாட்டு மொத்தம் நாலு நிமிடம். மனைவி எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பியதும் கிட்டாரை எடுப்பார். மூன்று மாதம் வேறு எதன் பக்கமும் தலைவைத்துப் படுக்கவில்லை. "விழா முடியட்டும் சார், நீங்க என் பேரை மாத்தியே ஆகணும்" என்று முதலாளியிடம் சவால்கூட விட்டார்.

அவருக்கு இன்னொரு சங்கடம். கம்பியை மீட்ட நகம் வேண்டும். லேபில் பல்லைத் தேய்க்கிற சக்கரம் அவருடைய வலது கை நகங்களையும் சேர்த்துத் தேய்த்துவிடும். அதனால் பல் செய்கிற பொடியிலேயே நாலு நகம் செய்துகொண்டார். வெள்ளைப் பொடி மூன்றோடு தீர்ந்துவிட்டது. கட்டைவிரலுக்கு மட்டும் ஈறு நிறத்தில் ரோஸ். விழாவுக்கு முந்தின நாள் மெருகு போட்டு, பாட்டு நினைப்பிலேயே லேபில் ஏதோ ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

விழா அன்று காலை முதலாளி போன் செய்தார்.

"என்ன முன்னுரை, பல் டாக்டர் கேக்கறாரு. செட்டோட நாலு துண்டு உபரியா வந்திருக்காம். மேலயா கீழயான்னு தெரியலையாம். பேஷண்ட் வாயத் தொறந்தபடியே உக்காந்திருக்காராம்!"

வேறு வழியில்லை. அஞ்சலகக் கூடத்தில், வெறும் விரல் சதையாலேயே வாசித்தார். இரண்டு இடத்தில் தடுக்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. நாலு நிமிடமும் வாசித்து முடித்தார். கைதட்டல் கேட்டபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். முன்னுரைக்குப் பொறுக்கவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது. என் பாட்டை அவ்வளவு மெத்துனு வாசிச்சீங்க. உடனே எதுக்கு வேற பாட்டுக்குப் போயிட்டீங்க?"

"வேற பாட்டா? அது அதோட மிச்சம்!"

"மிச்சமா?" மனைவி நின்றுவிட்டார். "பதினோரு வருஷமா அவ்வளவுதானே வாசிச்சீங்க? அவ்வளவுதான் பாட்டுன்னு நெனச்சேன். எனக்கு அது போதுமா இருந்துச்சு."

முன்னுரைக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதம் விரல் தேய உழைத்து, மனைவி கேட்ட பாட்டைக் கெடுத்து வைத்திருக்கிறார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கிட்டாரை எடுத்தார். அரை நிமிடம் வாசித்தார். எப்போதும் விடுகிற இடத்தில் விட்டார்.

"ம், இதுதான்" என்றார் மனைவி.

பெயர் மாற்றும் விஷயத்தை முன்னுரை முதலாளியிடம் அப்புறம் பேசவே இல்லை.