காலுக்குக் கீழே இடித்த நாள்

முதலில் அது காதில் கேட்கவில்லை, உள்ளங்காலில்தான் தெரிந்தது. சிமென்ட் தரை அதிர, அடுப்படியில் கவிழ்த்திருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கோடை இடி குன்னூருக்குப் புதிதல்ல என்றாலும், தலைக்கு மேலே இடிக்க வேண்டியது அன்று பர்லியார் பக்கத்துப் பள்ளத்தில், எங்கள் காலுக்குக் கீழே இடித்தது. வாசலில் நின்று பார்த்தால் டவுனைக் காணோம்; கீழிருந்து ஏறி வந்த பனிமூட்டம் மட்டும் உள்ளுக்குள்ளேயே வெள்ளையாக எரிந்து எரிந்து அணைந்தது. ஒரு சொட்டு மழை இல்லை. ஆறாம் வகுப்பு லீவில் இருந்த நான் அப்பாவை எழுப்ப ஓடினேன், ஏனென்றால் அம்மா எதிர்மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

ஃபேக்டரியில் "சங்கு" ஊதினால்தான் பெண்கள் தேயிலைக் காட்டைவிட்டு இறங்குவார்கள். ஊதாமல் இறங்கினால் அரைநாள் கூலி போச்சு. அந்தச் சங்கோ கரண்டில் ஊதுவது, முதல் மின்னலுக்கே கரண்ட் போய்விட்டது. சங்குக்குக் காத்துக்கொண்டு அத்தனை பேரும் உயரமான சில்வர் ஓக் மரத்தடியில்தான் ஒண்டியிருப்பார்கள் என்பது, நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த அப்பாவுக்கு எழுந்ததுமே தெரிந்துவிட்டது. தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார், எதிர்மேட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஓடிப்போய் அழைக்கலாமென்றால் மேடு ஏறுவதற்குள் இடி முந்திவிடும்.

மாரியம்மன் கோயிலில் மாட்டியிருந்த தப்பட்டையை எடுத்துவந்து, ஈரத்தில் தொய்ந்திருந்த தோலை எங்கள் அடுப்பில் காய்ச்ச ஆரம்பித்தார். அது இறுகுகிற வழியைக் காணோம், இடியோ மேலே ஏறிக்கொண்டே வந்தது. "சீக்கிரம்ப்பா, சீக்கிரம்!" என்று நான் அழுதேன். கடைசியில் தோல் இறுகியதும் வாசலுக்கு வந்து, சாவுக்கொட்டு அடித்தார். வரிசையாக எங்கள் வீடுகள் இருந்த லைனில் யாராவது செத்தால் மட்டும் சங்குக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, போட்டது போட்டபடி வரலாம் என்பது எங்கள் எஸ்டேட் வழக்கம்.

பக்கத்து வீட்டு அத்தை தலையிலடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஏனுங்க, அல்லாரும் உசுரோட இருக்கறப்ப சாவுக்குக் கொட்டறீங்களே, லைனு வெளங்குமா?" அப்பா நிறுத்தவேயில்லை.

பனிக்குள்ளிருந்து முதலில் அழுகைச் சத்தம்தான் வந்தது, பிறகுதான் ஆட்கள், கூடையும் செருப்பும் இல்லாமல், "எந்தூட்ல? எந்தூட்ல?" என்று கேட்டுக்கொண்டே. அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு ஓங்கி ஓர் அறை விட்டாள். ஏனென்று அவளுக்கே தெரிந்திருக்காது. கடைசி ஆள் லைனுக்குள் கால் வைத்த கொஞ்ச நேரத்தில் எதிர்மேட்டில் பளீரென்று இடி விழுந்தது. மறுநாள் போய்ப் பார்த்தபோது ஓக் மரம் உச்சியிலிருந்து பிளந்திருந்தது, அடியில் கூடைகள் கரிந்து கிடந்தன.

அப்பாவைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள் என்றிருந்தேன். அப்படியொன்றும் நடக்கவில்லை. ரொம்ப நாள் பெண்கள் குழாயடியில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தண்ணீர் பிடித்தார்கள்.

இன்று அந்த லைன் பாதிக்குமேல் பூட்டிக் கிடக்கிறது, கோயிலில் தப்பட்டை இல்லை, இடி வருமென்றால் போனில் செய்தி வந்துவிடுகிறது. போன மாதம் ஒருநாள் வானம் உறுமியபோது, அன்றைக்கு எல்லோரும் ஏன் அப்படி இருந்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"சாவு நம்ம ஊட்ல இருக்கக் கூடாது சாமீன்னு கும்புட்டுட்டேதான் ஓடியாந்தேன் கண்ணு. அப்ப யாரு ஊட்ல இருக்கோணும்? கூட ஓடியாந்தவ ஊட்லதான? அவளும் அதையேதான் கும்புட்டிருப்பா."