காந்தம் புரண்டால் சமையலறை எந்த மூலை?

வீட்டு பிளான் போடும் தொழிலில் சிமெண்ட் கொடுக்காத தலைவலியைத் திசை கொடுக்கும். நாமெல்லாம் நாலு வருஷம் சிவில் இன்ஜினியரிங் படித்தது எதற்கு? அக்னி மூலையில் அடுப்பு, ஈசானிய மூலையில் பூஜை என்று வரைந்து கையெழுத்துப் போடத்தானே! சைட் வெயிலில் மண்டை காய்ந்து நிற்கும் என் சக பாவப்பட்டவர்களே, உங்களையெல்லாம் வாஸ்து மட்டும்தான் படுத்தியிருக்கும். என்னைப் போன மாசி மாதம் பூமியே சேர்ந்து படுத்தியது.

போனில் வந்த வடக்கு

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் பழனிச்சாமிக்குச் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். கூரை கான்கிரீட் முடிந்து பூச்சு வேலைதான் பாக்கி. அவர் சம்சாரம் சுதா ஏழு மாசம். இருப்பது சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை வாடகை வீட்டில். சித்திரை வெயிலில் பிறக்கப்போகிற பிள்ளையை அந்த ஷீட்டுக்கு அடியில் வேகவிடக் கூடாது, பங்குனிக்குள் புது வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே பிடிவாதம்.

இந்த நேரத்தில் பழனிச்சாமி என் பீளமேடு ஆபீசுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பூமியின் காந்தத் துருவம் புரளப் போகிறது, வடக்கு தெற்காகிவிடும் என்று ஏதோ ஒரு வீடியோ. அப்படியானால் தென்கிழக்கில் இருக்கிற சமையலறை வடமேற்குக்குப் போய்விடுமாம். அதை இடித்து எதிர் மூலையில் கட்ட வேண்டுமாம். நானும் பொறுமையாகச் சொன்னேன். புரள்வது உண்மைதான், எத்தனையோ முறை புரண்டிருக்கிறது. கடைசியாக நடந்து ஏழெட்டு லட்சம் வருஷம் ஆகிறது. புரள ஆரம்பித்தாலும் முடிய ஆயிரக்கணக்கான வருஷம் பிடிக்கும். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நீங்க கட்டித் தர்ற ஊடு ஆயிரம் வருசம் நிக்காதுங்களா, இன்ஜினியரம்மா?"

ஊசி சாட்சி

இரண்டே நாளில் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிக்கொண்டு சைட்டுக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையச் சந்தனம், தோளில் ஒரு ஜோல்னாப் பை. பைக்குள் என்ன என்று கேட்டேன். உடம்புக்கு நல்லது என்று அவர் விற்கிற காந்த வளையங்களாம். பூமி புரளும்போது வரும் கெட்ட கதிரையும் அது தடுக்குமாம். அடேங்கப்பா, பூமிக்கே இல்லாத முன்யோசனை!

அதே பையிலிருந்து காம்பஸை எடுத்து நடு ஹாலில் வைத்தார். ஊசியின் சிவப்பு முனை ஆடி ஆடி நேராகத் தெற்கே போய் நின்றது. சத்தியமாக நானே ஒரு நொடி வெளியே எட்டிச் சூரியனைப் பார்த்துக்கொண்டேன். பழனிச்சாமிக்கு முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வாஸ்துக்காரர் மட்டும் அசரவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அது எப்பவோ பொரண்டு படுத்துருச்சுங்க, நமக்குத்தான் சேதி வரலீங்க."

மேஸ்திரியின் கணக்கு

என் மேஸ்திரி ஆரோக்கியசாமியிடம் சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார் பழனிச்சாமி. நான் விடவில்லை. மணல் குவியல் மேல் ஏறி நின்று வகுப்பே எடுத்தேன். காந்தப்புலம் முதலில் பலவீனமாகும். சேட்டிலைட் கெடலாம், கரண்ட் லைன் பாதிக்கலாம், காந்தத்தை வைத்து வழி பிடிக்கிற பறவைகளும் ஆமைகளும் தடுமாறலாம், துருவத்துப் பக்கம் தெரிகிற வண்ண ஒளி வேறு ஊர்களிலும் தெரியலாம். ஆனால் சூரியன் கிழக்கேதான் உதிக்கும், வெயில் இதே ஜன்னலில்தான் விழும், உங்கள் அடுப்பு எந்த மூலைக்கும் நகராது.

"கரண்ட் போகுமுங்களா?" என்று மட்டும் பிடித்துக்கொண்டார் பழனிச்சாமி. எங்கள் ஏரியாவில் கரண்ட் போகப் பூமி புரள வேண்டியதில்லை, லேசாக ஒரு தூறல் போதும் என்றேன். இடையில் சில காலம் ஒன்றுக்கு மேற்பட்ட வடக்குகள்கூட இருக்கலாம் என்று நான் வாயைவிட்டதுதான் தப்பு. அதுவரை பீடியோடு சும்மா உட்கார்ந்திருந்த மேஸ்திரி எழுந்து வந்து சொன்னார்: "நாலு வடக்கு வந்தா நாலு சமையக்கட்டு கட்டுவோமுங்க மேடம், எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லீங்க."

ஷீட்டுக்கு அடியில்

அடுத்த நாள் சுதாவைப் பார்க்கப் போனேன். மத்தியானம் ஒரு மணி. அந்த அறைக்குள் கால் வைத்ததும் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. வயிற்றின் மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். இடித்துக் கட்டினால் ஆனி ஆகிவிடும் என்று சொல்லத்தான் போனேன். அவளுக்கே தெரிந்திருந்தது; தெற்கே நின்ற ஊசி, பை நிறையக் காந்த வளையம் என்று ஒன்று விடாமல் பழனிச்சாமி சொல்லியிருந்தார்.

பொலபொலவென்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அதைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க்கா, இது வெளிய வர்றப்ப தெசை பார்த்துத்தான் வருமுங்களா?"

கடப்பாரை நாள்

என்ன சொல்லியும் கேட்காமல் பழனிச்சாமி இடிக்க நாள் குறித்துவிட்டார். அன்று, பீளமேட்டில் காலேஜ் பக்கம் உள்ள ஸ்டேஷனரி கடையில் மூன்று காம்பஸ் வாங்கிக்கொண்டு போனேன். வாஸ்துக்காரரின் காம்பஸிலிருந்து தள்ளி வரிசையாக வைத்தேன். என்னுடைய மூன்றும் வடக்கே காட்டின, அவருடையது தெற்கே. ஒழிந்தது சனியன் என்று நிமிர்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்களுது மூணும் இன்னும் அப்டேட் ஆகலீங்க" என்றார். பழனிச்சாமி தலையாட்டினார். மேஸ்திரி கடப்பாரையைத் தூக்கினார்.

அப்போதுதான் சுதா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். வாஸ்துக்காரர் பையில் கையை விட்டு ஒரு காந்த வளையத்தை எடுத்தாள். என் காம்பஸ் ஒன்றின் மேல் அதை வைத்து இரண்டு மூன்று தரம் அழுத்தி இழுத்தாள். வளையத்தைத் தூரப் போட்டதும் ஊசி ஆடியது, சிவப்பு முனை தெற்கே போய் நின்றது. புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "பட்டறையில தெனமும் திருப்புளியக் காந்தத்துல தேச்சுத்தானுங்களே ஸ்க்ரூவ ஒட்ட வெக்கறீங்க, பைக்குள்ள வளையத்தோட கெடந்த இவரு ஊசியும் அதேதானுங்க!"

பால் காய்ச்சிய அன்று

பழனிச்சாமி கடப்பாரையை வாங்கி மூலையில் சாத்தினார். அன்றைக்கே பூச்சு வேலை தொடங்கியது. நாங்கள் எல்லோரும் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் வாஸ்துக்காரரையும் காணோம், பையையும் காணோம்.

பங்குனி கடைசி வாரம் அதே சமையலறையில் பால் காய்ச்சினார்கள். சித்திரையில் பெண் குழந்தை. பார்க்கப் போனபோது சுதா தூளியை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பு கிழக்கே பார்த்து இல்லையே, யாரும் ஒன்றும் சொல்லவில்லையா என்று சும்மா சீண்டினேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "ஜன்னலப் பார்த்துப் போட்டேனுங்க்கா, காத்து வருதுங்க."

பூமி எப்போது புரளுமோ தெரியாது, நான் பிளான் போட வந்த நாளிலிருந்து என்னிடம் திசையை விட்டுவிட்டுக் காற்றைப் பற்றிப் பேசிய முதல் ஆள் அவள்தான்.