சுவருக்கு இரண்டு பக்கமும் சிங்கம்

என் மாமனாருக்கும் அவருடைய அண்ணனுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயர் முதலில் அச்சாகிவிட்டதுதான் காரணம். இத்தனைக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். பெரிய மாமா தும்மினால் எங்கள் வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்துகொள்வார்கள்.

பேச்சில்லை என்றால் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தமில்லை. கேரள எல்லையில், வாளையாருக்கு இந்தப் புறம், எங்கள் ஊர்களில், பேசாதவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். எல்லாம் ஜாடைப் பேச்சு. என் மாமனார் மாட்டைப் பார்த்து ஒன்று சொல்வார், பெரிய மாமா நாயைப் பார்த்துப் பதில் சொல்வார். வாயில்லாத ஜீவன்கள் இரண்டும் என்ன பாவம் செய்தனவோ தெரியவில்லை.

இந்தப் பங்குனியில் எங்கள் கிணறு வற்றிப்போனது. பெரிய மாமாவின் போர்வெல்லில் தண்ணீர் இருந்தது. அங்கிருந்து எங்கள் மாட்டுத்தொட்டிக்குப் பைப்பும், இந்தப் பக்கம் ஒரு திருகு குழாயும் இருந்தன. சண்டை வந்த அன்றே அவர் தன் பக்கத்து வால்வை மூடிவிட்டார். கேட்டால் திறந்திருப்பார்தான். ஆனால் மாமனாருக்குக் கேட்க வாய் வரவில்லை, என்னையும் கேட்கக் கூடாது என்றுவிட்டார். என் வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. ஆக, இரண்டு கறவைக்கும் ஒரு கன்றுக்குட்டிக்கும் தண்ணீர் சுமக்க நான் ஒருத்தி. தண்ணி வண்டி மெயின் ரோட்டில்தான் நிற்கும். அங்கிருந்து குடமும் இடுப்புமாகப் பெரிய மாமா வாசல் வழியாகத்தான் நடந்து வரவேண்டும். கன்றுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

அந்த வாரம்தான் டிவியில் சிங்கப் படம் போட்டான், தினம் சாயங்காலம் ஒரு பாகம். ஆப்பிரிக்காவில் எங்கோ வறட்சி. இருப்பது ஒரே குட்டை, அதற்கு இரண்டு சிங்கக் கூட்டம் போட்டி. இரண்டு வீட்டிலும் ஒரே சேனல்தான். அங்கே கொஞ்சம் தாமதமாக வரும் போல, எங்கள் சிங்கம் உறுமி முடித்ததும் அவர்கள் சிங்கம் உறுமும்.

மாமனார் இரண்டாம் நாளே குட்டையில்லாத கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்.

"பாரு, குட்டைக்குக் காவல் படுத்திருக்குது கெழட்டுச் சிங்கம்! செத்தாக் கூட எடுத்துட்டா போகப் போவுது?" என்று மாட்டுக்குக் கேட்கும்படி கத்தினார்.

சுவருக்கு அப்பாலிருந்து நாய்க்குப் பதில் போனது. "வந்து குடிச்சா யாரு வேண்டாங்கறா? பிடரியச் சிலுப்பீட்டு நின்னாத் தண்ணி தானா வருமா?"

எனக்குக் குடத்தைத் தூக்கி டிவி மேல் போடலாம் போலிருந்தது.

கடைசி பாகம். மாமனாரின் கூட்டத்தில் ஒரு நொண்டிச் சிங்கம் மிஞ்சி, எதிரியின் குட்டைக்குத் தள்ளாடித் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தது. கரண்ட் போய்விட்டது.

பெரிய மாமா வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, படம் ஓடும் சத்தம் கேட்டது. மாமனார் சுவரில் காதை வைத்தார். "நொண்டிக்கு என்னாச்சோ" என்று மாட்டைக் கேட்டார். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கேட்டார். அப்போதும் இல்லை. மனுஷனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்ணா! அது தண்ணி குடிச்சுதுங்களா, இல்லீங்களா?"

இரண்டு வருடத்தில் மாட்டைப் பார்க்காமல் கேட்ட முதல் கேள்வி.

"வந்துதான் பாரேன்டா. கதவு தொறந்துதான கெடக்குது" என்றார் அண்ணன்.

போனார். நானும் பின்னாலேயே போனேன். ஒரே கட்டிலில் இருவரும் உட்கார்ந்து, வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நான் வாய்விட்டுக் கேட்டேன்.

"பெரிய மாமா, மாட்டுக்குத் தண்ணி வேணுமுங்க."

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வால்வத் தொறந்து நாலு நாளாச்சே அம்மிணி. அந்தப் பொட்டச் சிங்கம் குட்டிகளோட வேகாத வெயில்ல அலஞ்சுதே, அன்னிக்கே தொறந்துட்டேன். நீ பாக்கலியா?"

ஓடிப்போய்த் தொட்டிக் குழாயைத் திருகினேன். முதலில் காற்று சீறியது, அப்புறம் துரு, அப்புறம் தண்ணீர். கன்று தலையை உள்ளே விட்டு உறிஞ்சியது. நாலு நாளாகத் தண்ணீர் எங்கள் குழாய் வாய்வரை வந்து நின்றிருக்கிறது, நாங்கள் ஒருத்தரும் திருகிப் பார்க்கவில்லை. முதலில் எனக்கு அழுகைதான் வந்தது. பிறகு அந்த நாலு நாள் சுமந்த குடங்களை எண்ணிப் பார்த்தேன், மகா கோபம் வந்தது.