ஒரு தட்டுக்குப் பத்தொன்பது

திருத்தணி தாலுகா ஆபீஸ் வாசலில் ஆதிகேசவன் மனு எழுதுவார். பக்கத்தில் உட்கார்ந்து நான் டைப் அடிப்பேன். பதினோரு வருஷம் இப்படி ஓடியது. மனுஷனுக்கு இங்கிலீஷ் என்றால் உயிர். மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு, "இதுக்கு 'எ பின்ச் ஆஃப் ஸ்னஃப்'னு சொல்லணும். 'லிட்டில் ஸ்னஃப்'னா வெள்ளைக்காரன் சிரிப்பான்" என்பார். பிறகு அதே விரலை யாருடைய மனுவின் முதுகிலாவது துடைப்பார். அந்தத் தாளை நான் நுனி விரலால்தான் வாங்குவேன்.

எழுபத்து நாலில் எல்லம்மாள் வந்தாள். அம்மையார்குப்பம் பக்கம் நாற்று நடுகிறவள். மகள் சந்திரா சர்க்கார் விடுதி ஒன்றில் தங்கி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"சோறு ஒரு கரண்டிதான் போடறாங்க. அதுலயும் புழு. ஒரு தட்டுல பத்தொம்பது. எண்ணி எண்ணி ஓரமா வெச்சிருக்கா. இப்பிடியே இருந்தா வந்துடறேன்றா. வந்துட்டா அவங்க நைனா கண்ணாலம் பண்ணிடுவாருங்க."

ஆதிகேசவன் கண்ணை மூடி யோசித்தார். கரண்டிச் சோறு 'எ மாடஸ்ட் போர்ஷன்' ஆயிற்று. புழுவுக்குத்தான் அரை மணி நேரம். 'சம்' என்றால் மொட்டையாம். 'எ லாட் ஆஃப்' பட்டிக்காட்டுத்தனமாம். கடைசியில் 'எ ஃபியூ வார்ம்ஸ்' என்று எழுதித் தானே ரசித்துக்கொண்டார்.

"பத்தொம்பதுன்னே போட்டுடலாமே சார்" என்றேன்.

"ஆபீசர் படிக்கிற காயிதம்யா. புழுவ எண்ணிக்கினு இருந்தா நாகரிகமா இருக்குமா? நீ அடி."

அடித்தேன்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. பழைய அரிசியில் சில புழுக்கள் இருப்பது இயல்பு, அளவான சோறு உடம்புக்கு நல்லது, மேல் நடவடிக்கை தேவையில்லை. ஆதிகேசவன் இரண்டு தரம் படித்துவிட்டு, "என் வார்த்தையவே எடுத்துப் போட்டுக்கீறான் பாரு" என்று பூரித்துப்போனார். தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்றிருந்தது.

தை மாதம் எல்லம்மாள் மறுபடி வந்தாள். கூடவே சந்திரா, கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிறோடு. விடுதியில் விட்டுவந்த டிரங்குப் பெட்டியைத் திருப்பித் தரச் சொல்லி மனு வேண்டுமாம்.

"பெட்டில இன்னா கீது?" என்று ஆதிகேசவன் கேட்டார்.

"புஸ்தகங்க. ஏழு" என்றாள் சந்திரா.

அவர் பொடியை உறிஞ்சிக்கொண்டு, 'எ ஃபியூ புக்ஸ்' என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

நான் ஏழு என்று அடித்தேன். அவர் பார்த்துவிட்டுப் பொடி டப்பாவை மூடினார். அவரை ஏசி என்ன ஆகப்போகிறது? புழுவுக்கு 'எ ஃபியூ' அடித்தது என் விரல்தான்.