ஒன்பது பாடல்கள், என் கையொப்பத்துடன்

இந்த நிகழ்ச்சிக்கு முன்பு இந்நகரில் என் நிலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. பீளமேட்டில் கல்லூரிப் படிப்பை முடித்து, இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்று, ஒரு நூற்பாலையின் தரச்சோதனைக் கூடத்தில் சேர்ந்து, அதன் தலைவராக ஓய்வு பெற்றவன் நான். தரமில்லை என்று நான் தள்ளிய நூலை முதலாளியே நேரில் வந்து கேட்டும் ஏற்றுக்கொண்டதில்லை. ஓய்வுக்குப் பின் எங்கள் பகுதித் தமிழ் மன்றம் ஆண்டுதோறும் நடத்தும் கவிதைப் போட்டிக்கு நானே நடுவர். என் தீர்ப்பை மாற்றும்படி எவரும் கேட்டதில்லை, நானும் மாற்றியதில்லை. பேச்சுத்தமிழில் எழுதப்பட்ட கவிதைகளைப் படிக்காமலேயே திருப்பி அனுப்பும் விதியை மன்றத்தில் கொண்டுவந்தவனும் நான்தான்.

அப்படிப்பட்ட ஒருவனின் கையொப்பத்தோடு, ராப் பாடல்களின் தரவரிசை ஒன்று ஆண்டு விழா மேடையில் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. நடந்ததைப் பலர் பலவாறாகச் சொல்லி வருகிறார்கள். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

தொடக்கம் என் வலது முழங்கால். அறுவைச் சிகிச்சைக்குப் பின், சீரான தாளமுள்ள பாட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் மொட்டை மாடியில் நடக்கச் சொன்னார்கள். நான் தேர்ந்தெடுத்தது ஒரு கர்நாடகக் கீர்த்தனை. முதல் நாளே என் மனைவி துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள்:

“ஏனுங்க, அந்தப் பாட்டுக்கு நடந்தா நாளைக்குத்தான் அந்த மூலைக்குப் போய்ச் சேருவீங்க.”

தன் கைப்பேசியை எடுத்து ஏதோ ஒன்றை ஒலிக்க விட்டாள். ஒரு முரட்டுக் குரல் மூச்சு விடாமல் பேசத் தொடங்கியது.

“இதென்ன அம்மணி, பாடறானா, சண்டை போடறானா?”

“ரெண்டும்தானுங்க. காலை எடுத்து வைங்க.”

எடுத்து வைத்தேன். கால் சரியாக விழுந்தது.

பாடியவர் ஈரோட்டுப் பக்கம் விசைத்தறிக்காரர் ஒருவரின் மகன் என்றும், காய் நறுக்கும் நேரத்தில் இரண்டு ஆண்டுகளாகத் தான் இவரைக் கேட்டு வருவதாகவும் அவள் சொன்னாள். எனக்குத் தெரியாமல் என் வீட்டில் இரண்டு ஆண்டுகளாக ஒரு ராப் பாடகர் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லியிருந்தா நிறுத்தச் சொல்லியிருப்பீங்க” என்றாள். அது உண்மைதான்.

கால் தேறிய பிறகும் பாடல்கள் நிற்கவில்லை. ‘ஊட்டுக்கு வாரேன்’ என்று அவர் பாடும்போது முதலில் முகம் சுளித்தேன். பிறகு, அந்தச் சொற்கள் தறியோடும் வேகத்தில் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுவதையும், அத்தனை விரைவிலும் எதுகை பிசகாமல் நிற்பதையும் கவனித்தேன். கவனித்தால் தரம் பிரிக்காமல் இருக்க என்னால் முடியாது. அவர் வெளியிட்ட ஒன்பது பாடல்களையும் வரிசைப்படுத்தினேன்.

அவளும் ஒரு வரிசை வைத்திருந்தாள். அவளுக்கு முதலிடம் ‘மூணாம் பிளாட்பாரம்’. ஈரோடு சந்திப்பில் வண்டி மாறக் காத்திருக்கும் ஒரு பெண், வாழ்க்கையில் முதல் முறையாகத் தனியாக ஒரு டீ வாங்கிக் குடிக்கிறாள். பாட்டு அவ்வளவுதான். நான் அதற்கு நான்காம் இடம் கொடுத்திருந்தேன்.

“நாலாவதா? ஒரு பொம்பள தனியா டீ குடிக்கறத இதுக்கு முன்னால எவன் பாட்டா எழுதியிருக்கான், சொல்லுங்க பாக்கலாம்.”

“மூன்றாவது சரணம் இழுவை. நூலில் மெலிந்த இடம் வருகிற மாதிரி.”

“பாட்டு என்ன நூலுங்களா, தறிக்குப் போடறதுக்கு?”

வாதம் பல நாட்கள் நீண்டது. கடைசியில் அவள், “சும்மா வாயில சொல்லிப்போட்டு நாளைக்கு மாத்துவீங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்றாள். நான் தீர்ப்பை மாற்றுவேன் என்று இதுவரை என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. பெயரும் பட்டமும் அச்சிட்ட என் கடிதத்தாளை எடுத்தேன். பாடல்களின் தலைப்புகளை ஒன்று முதல் ஒன்பது வரை எழுதி, கீழே கையொப்பமிட்டு, மூன்றாக மடித்து மேசையில் வைத்தேன். அன்று மதியம் அதே மேசையில் கவிதைப் போட்டியின் முடிவையும் எழுதினேன். இறுதிச் சுற்றுக்கு வந்த கவிதைகளும் ஒன்பது. அதே தாள், அதே கையொப்பம், அதே மடிப்பு. ஒன்றை உறையிலிட்டு ஒட்டி, உறையின் மேலும் கையொப்பமிட்டேன். மற்றதை அவளிடம் கொடுத்தேன். என் பிடிவாதத்தைப் பிரித்துப் பார்க்கத் தனக்கு ஆசையில்லை என்று சொல்லி, அதைச் சமையலறை நாட்காட்டியில் அப்படியே செருகி வைத்தாள்.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் பெயர் நடுவருக்குத் தெரியாது. தலைப்பு மட்டுமே தெரியும். விழா மேடையில் செயலாளர் உறையைப் பிரித்து ஒன்பதாம் இடத்திலிருந்து மேல்நோக்கித் தலைப்புகளை வாசிப்பார். தன் தலைப்பைக் கேட்டதும் எழுதியவர் எழுந்து நிற்க வேண்டும். அப்போதுதான் அவர் யார் என்று அவை அறியும். இந்த முறையை ஏற்படுத்தியதில் எனக்குப் பங்கு உண்டு. அதில் பெருமையும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை. மண்டபம் நிறைந்திருந்தது. பின்வரிசைகளில் கல்லூரி மாணவர்கள். என் மனைவி இரண்டாம் வரிசையில். செயலாளர், பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை வைத்திருப்பவர், உறையைப் பிரித்து ஒலிபெருக்கியை நெருங்கினார்.

“ஒன்பதாம் இடம்: டோல்கேட்டு ராஜா.”

ஒருவரும் எழவில்லை. தாள் மாறிவிட்டது என்று எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது.

“டோல்கேட்டு ராஜா எழுதுனவங்க வந்திருக்கீங்களா? சரி, புதுக்கவிதை போல இருக்குதுங்க. எட்டாம் இடம்: ஒரண்டை.”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. “ஏழாம் இடம்: ஹெல்மெட்” என்றபோது ஒரு மாணவன் கைகளைக் குவித்துக் கத்தினான்: “ஏனுங்க, அதெல்லாம் ராப் பாட்டுங்க!”

செயலாளர் தாளைப் புரட்டிப் பார்த்தார். கீழே என் கையொப்பம். ஒலிபெருக்கியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னிடம் குனிந்தார். “ஐயா, யாரோ பசங்க பேப்பரு கலந்துபோச்சுன்னு சொல்லிப்போடலாமுங்களா?”

“எங்கள் வீட்டில் பசங்க யாரும் இல்லை.”

“அது நமக்குத் தெரியுமுங்க. சபைக்கு எப்படித் தெரியும்?”

நான் உடனே மறுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சொல் போதும், மரியாதை காப்பாற்றப்பட்டுவிடும். ஆனால் உறையின் மேல் என் கையொப்பம், தாளின் கீழ் என் கையொப்பம். இது என்னுடையதல்ல என்று சொன்னால், இத்தனை ஆண்டுகளாக அதே கையொப்பத்தோடு வந்த தீர்ப்புகள் யாருடையவை? இரண்டாம் வரிசையைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்க்காமல் தன் கைப்பையின் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் மறுத்துவிடுவேன் என்று முடிவு செய்து, அதைப் பொறுத்துக்கொள்ளவும் அவள் தயாராகிவிட்டாள் என்று தோன்றியது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தேன். “தாள் என்னுடையது. கையொப்பம் என்னுடையது. தரவரிசையும் என்னுடையது. அதை இந்த உறையில் வைத்தது மட்டும் தவறு. அதற்கு வருந்துகிறேன். போட்டியின் முடிவு வீட்டில் இருக்கிறது” என்றேன்.

மாணவர்கள் கைதட்டினார்கள். அது எனக்கு உதவவில்லை. ஏனெனில் மன்றத்தின் பொருளாளர் எழுந்துவிட்டார். அவர் சட்டம் படித்தவர்.

“உறைக்குள்ள இருக்கறதுதானுங்களே தீர்ப்பு? இனி ஒரு தாள் ஊட்டுல இருந்து வந்தா, அது இப்ப எழுதுனதில்லைன்னு யாரு சொல்றது? பாட்டுக்கும் கவிதைக்கும் உறை மாத்தறவர் தீர்ப்பை இந்தச் சபை எப்படிங்க நம்பறது?”

கேள்வி நியாயமானது. அதற்கு விடை இல்லையென்றால் நான் மீண்டும் நடுவர் நாற்காலியில் உட்கார முடியாது என்பது மேடையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“என் மனைவி போய் எடுத்து வரட்டும். உங்கள் மனைவியும் கூடப் போகட்டும். தாள் இருக்கும் இடத்திலிருந்து அவரே எடுக்கட்டும். அதற்குள் நான் என் நினைவிலிருந்து ஒன்பது இடங்களையும் இங்கே எழுதி, ஒட்டி, உங்கள் கையில் தருகிறேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நான் விலகிக்கொள்கிறேன்.”

இரு பெண்களும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். நான் எழுதிக் கொடுத்தேன். பொருளாளர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆட்டோ திரும்பி வர முக்கால் மணி நேரமாயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்று எவருக்கும் தெரியவில்லை; மாணவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

“சார், டோல்கேட்டு ராஜா கடைசியா? அநியாயமுங்க சார்! ஊரே பாடுதுங்க!”

“அதில் காரின் பெயர் பதினான்கு முறை வருகிறது. கருத்து ஒரு முறையும் வரவில்லை.”

“அப்ப மொத எடம் எதுங்க சார்?”

“‘ரெண்டாம் ஷிப்ட்’. பாட்டின் நடுவில் இழை அறுந்து தறி நிற்கிறது. தாளமும் நின்றுவிடுகிறது. ஒரு முடிச்சுப் போட ஆகும் நேரம் வரைக்கும் பாடகர் ஒன்றும் சொல்வதில்லை. பிறகு தறி ஓடுகிறது, பாட்டும் ஓடுகிறது. எந்த இடத்தில் சும்மா இருக்க வேண்டும் என்று அறிந்தவரின் பாட்டு அது. ஆகவே முதலிடம்.”

நான் இதைச் சற்றுப் பெருமிதத்தோடுதான் சொன்னேன். அப்போது பக்கவாட்டு வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். சென்னிமலையில் படுக்கைவிரிப்பு நெய்கிறவர். போட்டிக்குக் கவிதை அனுப்பியவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“குறுக்கே பேசறதுக்கு மன்னிச்சுக்கோங்க ஐயா. அந்தப் பாட்டு நானும் கேட்டிருக்கறேனுங்க. முடிச்சுப் போட அவ்வளவு நேரமெல்லாம் ஆகாதுங்க. பழகுன கைக்கு அதுல பாதிதானுங்க.”

அவை என்னைப் பார்த்தது. நான் நூலைச் சோதித்தவன், நெய்தவன் அல்லன். அதை அப்படியே சொன்னேன். பிறகு கேட்டேன்: “அப்படியானால் பாடகர் கணக்குத் தப்பியிருக்கிறாரா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “இல்லீங்க. கண்ணு மங்கி, கை நடுங்கற ஆளா இருந்தா சரியா அவ்வளவு நேரந்தான் ஆகுமுங்க. எங்க மாமனாருக்கு ஆகறதில்லீங்களா? அது வயசானவங்க கைங்க.”

அந்தப் பாட்டை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். நெய்பவர் முதியவர் என்று பாட்டில் ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. அது அந்த மௌனத்தில்தான் இருந்திருக்கிறது. “அம்மா, நீங்கள் சொன்ன காரணம் என் காரணத்தைவிட நல்லது. இடம் மாறவில்லை, இன்னும் உறுதியாயிற்று” என்றேன். மாணவர்கள் இம்முறை எனக்காக அல்ல, அவருக்காகக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆட்டோ வந்தது. நாட்காட்டியிலிருந்து தானே உருவிய தாளைப் பொருளாளரின் மனைவி மேடையேறிக் கணவரிடம் கொடுத்தார். அவர் சட்டைப்பையிலிருந்த உறையைப் பிரித்து, இரு தாள்களையும் அருகருகே வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஒன்பதும் ஒத்திருந்தன.

“சரியாத்தான் இருக்குதுங்க” என்றார், என்னைப் பார்க்காமல்.

அவர் மனைவி கீழே இறங்கவில்லை. ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்தது. “போகையில இவங்க போன்ல அந்த மூணாம் பிளாட்பாரம் கேட்டேனுங்க. வரையில மறுக்காவும் கேட்டேன். அத நாலாவதா போட்டது எந்த ஊரு நியாயமுங்க?”

மண்டபம் அதிர்ந்தது. என் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்துச் சிரித்தாள். பொருளாளர் தன் மனைவியின் கையைப் பிடித்து மெதுவாகப் படியிறக்கினார்.

பிறகு போட்டி முடிவு முறைப்படி வாசிக்கப்பட்டது. ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். சென்னிமலை அம்மையாருக்கு ஐந்தாம் இடம். விழா முடிந்து வெளியே வந்தபோது அவரிடம், வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். “இன்னும் நெறைய இருக்குதுங்க. ஆனா எல்லாம் நாம பேசற மாதிரி எழுதுனதுங்க. நீங்க எடுக்க மாட்டீங்களே” என்றார்.

அடுத்த செயற்குழுவில், பேச்சுத்தமிழுக்கு எதிரான விதியை நீக்கும் தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன். பொருளாளர் வழிமொழிந்தார். எவருடைய வற்புறுத்தலால் என்று நான் கேட்கவில்லை. இவ்வாண்டுக்கும் நானே நடுவர். சென்னிமலையிலிருந்து ஒரு தடித்த உறை ஏற்கெனவே வந்து சேர்ந்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். அனுப்பியவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். ஊரைச் சொன்னதே தவறு என்பதையும் தெரிவித்தேன்.

இனி ஒரே ஒரு திருத்தம். அன்று மேடையில் அந்தப் பட்டியலுக்காக நான் அவையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சிலர் சொல்லி வருகிறார்கள். தாளை உறை மாற்றி வைத்ததற்கு மட்டுமே வருத்தம் தெரிவித்தேன். பட்டியலுக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை.